குளிர்பெட்டி இருக்கலாம், ஓடக் கூடாது

எமில் குபேனா அந்தப் பிக்கப் வண்டியை வாங்கியதற்கு ஒரே காரணம், அது குளிர்ந்தது.

தெற்கு டெக்சஸில் மிலோவெக் என்கிற சிற்றூர் அவனுடையது. மாட்டுப் பண்ணைகளுக்குக் கம்பிவேலி போடுவது தொழில். விதை வியாபாரி ஒருவர் காலமாகி அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, கொட்டகையில் கோழிகள் குடியிருந்த 1966-ஆம் வருஷத்து டன்பார் பிக்கப்பில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். டாஷ்போர்டுக்கு அடியில் ரொட்டிப் பெட்டி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த ஏசியின் குமிழைத் திருகிப் பார்த்தான். முதலில் கொஞ்சம் கோழி இறகு வந்தது. அதற்குப் பின்னால் வந்த காற்றில் அவன் கைமயிர் குத்திட்டு நின்றது. வண்டியின் நிறம் என்ன என்பதைக்கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தான். பாசிப்பச்சை.

குளிர்ச்சி வேண்டியிருந்தது அவன் மனைவி லோரெட்டாவுக்கு. அவளுக்கு நரம்பில் ஒரு கோளாறு. உடம்பில் சூடு ஏறினால் கால்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. குளிரில் வைத்தால் மறுபடியும் சமாதானத்துக்கு வந்துவிடும். தெற்கு டெக்சஸின் கோடையில் அப்படி ஒரு வியாதியோடு வாழ்வது, மீன் ஒன்று மாடிவீட்டில் குடியிருப்பதைப் போல. லோரெட்டா அதைப் பற்றி அழுவதில்லை. "கால்தான் போகுது, வாய் போகல" என்பாள். ஊரில் அதை மறுத்தவர் யாரும் இல்லை.

அந்த வருஷம் அவர்கள் மகள் லிபிக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. போல்கா நடன வாத்தியக் குழுவில் அக்கார்டியன் வாசிக்கிறவள் அவள். கல்யாண வீடுகளிலும் மாதா கோயில் விருந்துகளிலும் வாசித்து வாசித்து, கடைசியில் ஜூலை மாதத் தர்பூசணித் திருவிழாவின் பெரிய மேடைக்கே அவள் குழுவுக்கு அழைப்பு வந்துவிட்டது. பட்டப்பகலில், திறந்தவெளியில்.

"நான் போறேன்" என்றாள் லோரெட்டா.

"எப்படி?" என்றான் எமில்.

"நம்ம பிக்கப்புல. மேடைக்கு எதிர்லயே பழைய வண்டியெல்லாம் வரிசையா நிக்கும்ல. அதுல போய் நின்னுட்டு, கண்ணாடிய ஏத்தி விட்டு, ஏசியப் போட்டுக்கிட்டு கேக்கறேன். நம்ம வண்டியும் பழசுதானே. நீயும் பழசுதான். யாரு கேக்கப் போறா."

கேட்பதற்கு ஒரு சங்கம் இருந்தது.

அசல் பிக்கப் பாதுகாப்புச் சங்கம் என்பது அதன் பெயர். திருவிழா மைதானத்தில் மேடைக்கு எதிரே முன்வரிசை தலைமுறை தலைமுறையாக அதற்குச் சொந்தம். அங்கே சங்கம் தேர்ந்தெடுத்த வண்டிகள் நிற்கும். அவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்து, வண்டிகளுக்கு நடுவே தெரிகிற இடைவெளிகளில் நிகழ்ச்சி பார்க்கலாம். ஆலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்கிற வண்டிக்குத்தான் முன்வரிசை. 'வந்தபடி' என்பது சங்கத்தின் தாரக மந்திரம். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் காலை வணக்கம் சொல்வதில்லை. "வந்தபடி" என்பார் ஒருவர். "வந்தபடியே" என்பார் மற்றவர்.

எமில் விண்ணப்பித்த வாரத்திலேயே சங்கத்தின் துணை அசலாளர் வுட்ரோ ப்ரூயிட் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்பு காப்பீட்டு முகவராக இருந்தவர். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, தலையணை ஒன்றைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அவர் வெளியே வந்தபோது முகத்தில் பக்தி இருந்தது.

"மிஸ்டர் குபேனா, சைலன்சர் வளையம்கூட அசல். சாம்பல் கிண்ணத்துல இருக்கற சாம்பல்கூட அந்தக் காலத்துதுதான்னு நினைக்கிறேன்."

"நான் புடிக்கறதில்லீங்க" என்றான் எமில்.

"கொட்டிடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

பிறகு அவர் வண்டிக்குள் ஏறினார். ஏறியவுடன் இரண்டு முழங்காலும் ஏசிப் பெட்டியில் இடித்தன. ப்ரூயிட் வலியில் முகம் சுளித்தார் என்றுதான் எமில் முதலில் நினைத்தான். அது வலி இல்லை, அதிர்ச்சி.

"இது என்ன?"

"ஏசிங்க."

"அது தெரியுது. இது எங்க பொறந்தது?"

எமிலுக்குக் கேள்வி விளங்கவில்லை. ப்ரூயிட் நோயாளிக்குச் செய்தி சொல்கிற தொனியில் விளக்கினார். வண்டி ஆலையில் இருக்கும்போதே ஏசி பொருத்தப்பட்டிருந்தால் அது அசல். ஆலையை விட்டு வந்த பிறகு, விற்கிற டீலர் தன் பட்டறையில் வைத்துப் பொருத்தியிருந்தால் அது பின்சேர்க்கை. பின்சேர்க்கை வண்டிகளுக்கும் சங்கம் இடம் ஒதுக்கியிருக்கிறது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கழிப்பறைகளையும் தாண்டி.

"அங்கேருந்து மேடை தெரியுங்களா?"

"மேடையிலேருந்து அந்த வண்டிங்க தெரியக் கூடாதுன்னுதான் அங்க வெச்சிருக்கோம்."

அவர் தலைகீழாகத் தொங்கிப் பெட்டியை ஆராய்ந்தார். பெட்டியின் முதுகில் டன்பார் ஆலையின் முத்திரை இருந்தது. ஆனால் அதை டாஷ்போர்டோடு பிணைத்திருந்த திருகுகள் ஆலையின் திருகுகள் இல்லை. அந்தக் காலத்து டீலர் பட்டறைகளில் கிடைத்தவை. பெட்டி ஆலையுடையது, திருகு டீலருடையது. ப்ரூயிட் கையுறையைக் கழற்றினார்.

"இது என் அதிகாரத்துக்கு மேற்பட்ட விஷயம்" என்றார்.

விசாரணைக் கூட்டம் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. கட்டிய நாளில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதால் அதில் ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது. ஜன்னல்களை ஆதியில் பூசிய வர்ணம் ஒட்டிக்கொண்டதால் அவையும் திறக்காது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் பழைய விற்பனையாளர்களின் சீருடையான கம்பளிக் கோட்டு அணிந்திருந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் எழுந்து வடகிழக்கைப் பார்த்துத் தொப்பியை மார்பில் வைத்தார்கள். டன்பார் ஆலை அந்தத் திசையில்தான் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் மெத்தை விற்கிறார்கள். எமிலும் எழுந்து நின்றான். எந்தத் திசை என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவரின் மூக்கு காட்டிய பக்கம் திரும்பிக்கொண்டான்.

தலைமை அசலாளர் தாடியஸ் ஹார்க்ரேவ், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் அவர் கைவேலை இருந்தது. எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, நம்ம முன்னாடி இருக்கறது ஒரு பெட்டி இல்ல. ஒரு கேள்வி. ஒரு வண்டி எங்க முழுமையாகுது? ஆலை வாசல்லயா, டீலர் வாசல்லயா? இன்னைக்கு ஒரு ஏசிக்கு எடம் குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் பானத்தை வைக்கக் கிண்ணத்தாங்கி மாட்டிக்கிட்டு வருவான். நாளன்னைக்கு ஒருத்தன் வண்டிய வேலைக்கே எடுத்துட்டுப் போவான்."

கூட்டத்தில் ஒரு நடுக்கம் ஓடியது. அந்தப் பிக்கப்பில் நேற்றுத்தான் வேலிக்கம்பிச் சுருள்களை ஏற்றிப்போயிருந்த எமில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

சங்கம் அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. பெட்டி எங்கே செய்யப்பட்டதோ அதுதான் பிறப்பு என்றவர்கள் பெட்டிக் கட்சி. திருகு எங்கே முறுக்கப்பட்டதோ அதுதான் பிறப்பு என்றவர்கள் திருகுக் கட்சி. வாதம் சூடேறியது. மண்டபம் அதற்கு முன்பே சூடாகத்தான் இருந்தது. கம்பளிக் கோட்டுக்குள் வியர்வை ஒழுக, சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது திருகுக் கட்சியைச் சேர்ந்த ஒரு பருமனான உறுப்பினர், பொருளை நேரில் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்று கேட்டார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, மூன்று மூன்று பேராக வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 'இயக்கத் தேர்வு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். முதல் மூவர் சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். இறங்கியவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு அடுத்த மூவர் இறங்க அவசரப்படவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் அவர்கள் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்து ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். எமில் தார் ரோட்டில் வெயிலில் நின்று, பெட்ரோல் முள் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்க்ரேவ் கடைசியாக, தனியாக ஏறினார். இறங்கியபோது அவர் மீசையில் ஈரம் காய்ந்திருந்தது.

"ஒரு தடவை பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது" என்றார். "வண்டிய நாளைக்கும் கொண்டாங்க."

எமில் மறுநாளும் கொண்டுபோனான். அதற்கு மறுநாளும். அந்த வாரம் முழுக்க வேலி வேலை நின்றது. சங்கத்தின் வரலாற்றில் இவ்வளவு கூட்டங்களுக்கு இவ்வளவு பேர் வந்ததில்லை என்று ப்ரூயிட் பெருமையோடு சொன்னார்.

"என்னதான் பண்றாங்க அங்க?" என்று கேட்டாள் லோரெட்டா.

"ஏசி கூடாதுன்னு சொல்றதுக்காக ஏசியில உக்காந்திருக்காங்க."

"நீ?"

"நான் வெளிய நிக்கறேன்."

லோரெட்டா அவன் சிவந்து உரிந்துபோன மூக்கைப் பார்த்தாள். எழுந்து போய்த் தயிர் மாதிரி ஏதோ களிம்பு எடுத்து வந்து பூசினாள். "எனக்காக நீ வெந்து சாகாத, எமில்" என்றாள். "அப்புறம் வண்டிய யாரு ஓட்டறது."

அந்த வண்டியை விற்ற டீலரிடம் அந்தக் காலத்தில் ஏசி பொருத்தின பணியாளர் ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் ஆல்வின் ஸாபலாக். முதியோர் இல்லத்தில் இருந்தார். பெட்டிக் கட்சி உடனே கிளம்பியது; எமிலின் வண்டியில்தான், வழியில் ஆய்வைத் தொடரலாம் என்பதால். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பேக்கரியில் ஒரு பெட்டி கொலாச்சே இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டார்கள், பீச் பழம் வைத்தது.

ஆல்வின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தின்ற பிறகு பேசினார். "பெட்டி ஃபேக்டரியிலேருந்துதான் வரும். வண்டியோட பின்னாடி தொட்டியில வெச்சு, அட்டைப்பெட்டியில கட்டி அனுப்பிடுவாங்க. நாங்க சும்மா எடுத்துத் தொங்க விடுவோம். அது ஃபேக்டரிச் சரக்குதான், சந்தேகமே வேணாம்."

பெட்டிக் கட்சி வெற்றி முழக்கத்தோடு திரும்பியது. மறுநாள் திருகுக் கட்சி அதே வண்டியில் போனது. கசகசா வைத்த கொலாச்சே.

"என்ன ஃபேக்டரி, மண்ணாங்கட்டி" என்றார் ஆல்வின், வாயைத் துடைத்துக்கொண்டு. "அவன் அனுப்பினது ஒரு தகரப் பெட்டி. தொளை போட்டது யாரு? குழாய் இழுத்தது யாரு? நான் கை வெக்கலைன்னா அதுல கோழிதான் முட்டை போடும். அது டீலர் வேலை, எழுதிக்குங்க."

திருகுக் கட்சி அவர் கையைக் குலுக்கியது. வாசலில் எமில் விடைபெறும்போது ஆல்வின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாலாடைக்கட்டி வெச்ச கொலாச்சே யாரும் கொண்டுவரலையே. மூணாவது கட்சி எதுவும் கிடையாதா?"

எமில் சிரிக்கலாமா என்று பார்த்தான். பெரியவர் நிஜமாகத்தான் கேட்டார்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் தீர்ப்பு வந்தது. ஹார்க்ரேவ் அதை நின்றுகொண்டு வாசித்தார். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருப்பதால், அந்தப் பெட்டி பொருள் என்ற அளவில் அசல். செயல் என்ற அளவில் பின்சேர்க்கை. ஆகவே அது வண்டியில் இருக்கலாம், ஓடக் கூடாது. முன்வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க அது ஓடவில்லை என்பதை உறுதி செய்யக் குமிழின் மேல் சங்கம் முத்திரை வைக்கும்.

"ஆனா ஏசிக்காகத்தானே..." என்று தொடங்கினான் எமில்.

"மிஸ்டர் குபேனா, நீங்க முன்வரிசை கேட்டீங்க. முன்வரிசை குடுத்திருக்கோம். நன்றி சொல்ற வழக்கம் உங்க வீட்ல உண்டுன்னு நம்பறேன்."

"நன்றிங்க" என்றான் எமில். வழக்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது லோரெட்டா ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு, ஈரத்துண்டும் ஐஸும் எடுத்துப் போகலாம் என்றாள். லிபியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

திருவிழா நாளன்று ஆகாயம் கொதிக்கிற எண்ணெய் நிறத்தில் இருந்தது. ப்ரூயிட் வந்து, குமிழின் மேல் சிவப்புச் சாயம் கலந்த தேன்மெழுகை உருக்கி ஊற்றிச் சங்கத்தின் முத்திரையைப் பதித்தார். தேன்மெழுகு அசல், சாயமும் அசல் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்வரிசையில் வண்டிகள் பளபளவென்று நின்றன. உறுப்பினர்கள் கம்பளிக் கோட்டோடு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹார்க்ரேவின் 1952-ஆம் வருஷத்து டன்பார். அதில் ஏசி மட்டும் இல்லை, ஹீட்டரும் இல்லை, பக்கத்து இருக்கைக்குச் சூரியத்தடுப்பும் இல்லை. அன்றைக்கு அவையெல்லாம் கூடுதல் வசதிகள். அவர் அப்பா எதையும் கேட்டு வாங்கவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும்.

லோரெட்டா கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீராகி, தண்ணீர் வெந்நீராகிவிட்டது. மேடையில் லிபியின் ஆட்கள் ட்யூபாவையும் டிரம்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எமில்" என்றாள் லோரெட்டா மெதுவாக. "வலது கால் கிளம்பிருச்சு."

எமில் ஓடினான். ஹார்க்ரேவின் ஜன்னலில் கையை வைத்தான்; தகரம் சுட்டது.

"டாக்டர், என் சம்சாரத்துக்கு முடியல. ஏசிய ஒரு நிமிஷம் போட்டுக்கறேன். கால் மரத்துப் போச்சு அவளுக்கு."

ஹார்க்ரேவ் வியர்வையைத் துடைக்காமல் முன்னால் பார்த்தபடியே பேசினார். "எத்தனை கால்?"

"ஒண்ணு. இப்போதைக்கு."

"ரெண்டும் போனா அவசரக் கூட்டம் போட விதியில இடமிருக்கு. ஒண்ணுக்கு இல்ல. எனக்கு இதுல தனிப்பட்ட விருப்பு வெறுப்பு கிடையாது, மிஸ்டர் குபேனா. நாங்க விதிய காப்பாத்தறோம். விதி எங்கள காப்பாத்துது."

எமில் திரும்பி வந்தபோது வண்டியின் கண்ணாடிகள் மேலே ஏறியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லோரெட்டாவின் நெற்றிமயிர் குளிர்காற்றில் பறந்துகொண்டிருந்தது. முத்திரை, குமிழிலிருந்து வழுக்கி இறங்கி, ரப்பர் விரிப்பின் மேல் சிவப்பு அப்பளம் மாதிரி கிடந்தது.

"நான் தொடல" என்றாள் லோரெட்டா. "தானா உருகி விழுந்துச்சு. நான் அதுக்கப்புறந்தான் தொட்டேன்."

ப்ரூயிட் அதற்குள் வந்துவிட்டார். பின்னால் ஹார்க்ரேவும். லோரெட்டா கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"முத்திரை எங்க?" என்றார் ப்ரூயிட்.

"கீழ இருக்கு பாருங்க. ஏசி போட்டிருந்தா உருகியிருக்காது. நீங்கதான் போடக் கூடாதுன்னுட்டீங்க."

ஹார்க்ரேவ் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டார். "இந்த வண்டி இந்த நிமிஷத்துலேருந்து பின்சேர்க்கை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போகணும். இப்பவே."

எமில் சாதாரணமாகக் கோபப்படுகிறவன் இல்லை. மாடு உதைத்தால்கூட மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்கிறவன். ஆனால் ஒரு வாரமாக வெயிலில் நின்றதெல்லாம் அப்போது அவனுக்குள் எங்கேயோ ஒன்றுசேர்ந்தது.

"டாக்டர், எங்கப்பாவுக்கு நீங்கதான் பல்செட்டு கட்டினீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஜோசப் குபேனா. மேல் வரிசை முழுசும், கீழ பாதியும். நல்ல வேலை."

"நல்ல வேலைதான். சாகற வரைக்கும் அதுலதான் கறி தின்னாரு. அது ஃபேக்டரியிலேருந்து வந்ததில்லயே. அவர யாரும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி உக்கார வெச்சுச் சோறு போடலயே."

ஹார்க்ரேவ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பல் வேற, மிஸ்டர் குபேனா. பல் விஷயத்துல அவ்வளவு கண்டிப்பா இருக்க முடியாது. மனுஷங்கதானே."

அந்தப் பதிலுக்குப் பதில் தெரிந்தவர்கள் மிலோவெக்கில் யாரும் இருந்திருக்க முடியாது.

"ஏறு, எமில்" என்றாள் லோரெட்டா. "போலாம். கொஞ்சமாவது காதுல விழும்."

அவன் வண்டியைப் பின்னால் எடுத்து, கூட்டத்தைச் சுற்றி, கழிப்பறைகளைத் தாண்டி ஓட்டிப் போனான். லோரெட்டா மேடைப் பக்கம் திரும்பவில்லை. அவள் திரும்பாமல் இருப்பதை அவன் பார்க்காத மாதிரி இருந்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பெரிய பெக்கான் மரங்கள் நிழல் விரித்திருந்தன. பத்துப் பதினைந்து பின்சேர்க்கை வண்டிகள் நிழலில் ஏசியைப் போட்டு உறுமிக்கொண்டு நின்றன. உள்ளே குடும்பங்கள் வறுத்த சாசேஜும் தர்பூசணியும் தின்றுகொண்டிருந்தன. மாட்டு வாசனை இருந்தது. மாடு வளர்க்கிற ஊரில் அதை யாரும் வாசனையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

மேடையில் லிபி அக்கார்டியன் பட்டையைத் தோளில் மாட்டியபடி, பச்சை வண்டி முன்வரிசையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போயிருக்காங்க. அதனால நாங்களும் அங்க போறோம். வர்றவங்க வரலாம். அங்க நிழல் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். குழு படியிறங்கியது. ட்யூபாக்காரர் முன்னால் ஊதிக்கொண்டே நடந்தார். டிரம்மை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். கூட்டம் ஒரு கணம் தயங்கியது. 'நிழல்' என்கிற சொல் எல்லோர் காதிலும் விழுந்து, அதன் பொருள் விளங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான். பிறகு மடிப்பு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மொத்த ஊரும் பின்னால் நடந்தது.

முன்வரிசை நின்றது. எதிரே காலி மேடை. பின்னால் காலி மைதானம். உறுப்பினர்கள் ஆலையிலிருந்து வந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னாலிருந்து போல்கா கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாகப் புழுதி எழும்பியது. திருகுக் கட்சியின் பருமனான உறுப்பினர் முதலில் இறங்கினார். கழிப்பறைக்குப் போவதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் பெட்டிக் கட்சியில் பாதிப் பேருக்கு அதே அவசரம் வந்தது. ப்ரூயிட், விதிமீறல்களைக் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர், எலுமிச்சைச் சாறு குடிக்கிறவர்களின் வரிசையில் காணப்பட்டார்.

லோரெட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லிபி வண்டியின் முன்பக்கத்துக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று வாசித்தாள். மேடையில் இருந்திருந்தால் இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க முடியாது. லோரெட்டாவின் வலது கால் தரையில் தாளம் போடத் தொடங்கியிருந்தது. எமில் அந்தக் காலைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், மறுபடியும் காலைப் பார்த்தான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வண்டி எங்கேயும் போகவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஹார்க்ரேவ் நின்றுகொண்டிருந்தார். முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார். பிடிக்காவிட்டால் நிற்க முடியாது என்று தெரிந்தது.

"இது ஆய்வுக்காக மட்டும்" என்றார். குரல் சரியாக வரவில்லை.

எமில் மனைவியைப் பார்த்தான். அவள் சொன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கவும் தயாராக இருந்தான். லோரெட்டா நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறுங்க டாக்டர். மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டுங்க. கதவச் சாத்திட்டு ஆய்வு பண்ணுங்க, குளிர் வெளிய போகுது."

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். முழங்கால் பெட்டியில் இடித்தது. லோரெட்டா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். லிபி நாலாவது பாட்டை வாசிக்கும்போது அவர் நிறம் திரும்பியது. ஐந்தாவதில் கோட்டுப் பொத்தானின் மேல் விரல் தட்டியது. அவராகத் தட்டினாரா, விரலே தட்டியதா என்று சொல்ல முடியாது.

"உங்க பொண்ணு நல்லா வாசிக்கறா" என்றார்.

"ஆமா" என்றாள் லோரெட்டா. "அவ ஆலையிலேருந்து வந்தபடியே."

இலையுதிர்காலத்தில் ஒருநாள் எமில் ரோட்டோரமாக வேலி போட்டுக்கொண்டிருந்தபோது ப்ரூயிட் வண்டியை நிறுத்தி இறங்கினார். முகத்தில் பெரிய செய்தி இருந்தது. சங்கத்தின் வரலாற்றுக் குழு ஒரு முக்கியமான கண்டுபிடிப்பைச் செய்திருப்பதாகச் சொன்னார். திருவிழா முதன்முதலில் நடந்த இடம் மேடை மைதானம் அல்ல. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், அந்தப் பெக்கான் மரங்களின் கீழேதான். ஆகவே அசலான இடம் அதுதான். வருகிற வருஷம் முதல் சங்கத்தின் வண்டிகள் அந்த நிழலில்தான் நிற்கும்.

"அப்ப நாங்க?" என்றான் எமில்.

ப்ரூயிட் வருத்தத்தோடு அவன் தோளில் கை வைத்தார். "புனிதமான இடத்துல பின்சேர்க்கைய எப்படி விடறது, சொல்லுங்க. உங்க வண்டிங்க எல்லாம் வெயில்ல, மேடைக்கு எதிர்ல, முன்னாடி நிக்கணும்னு தீர்மானம். கொஞ்சம் கடுமைதான். தலைவர் ஹார்க்ரேவே முன்மொழிஞ்சாரு."

"ஏசி?"

"பின்சேர்க்கைங்க என்ன பண்ணுதுங்கறத சங்கம் கவனிக்கறதில்ல."

எமில் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தான். லோரெட்டா சமையலறையில் உட்கார்ந்து பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டது கேட்டபடி ஒப்பித்தான். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ப்ரூயிட் அவ்வளவு வருத்தப்பட்டிருந்தார்.

"மேடை எங்க இருக்கும்?" என்று கேட்டாள் லோரெட்டா.

"மேடை இருந்த இடத்துலயேதான்."

அவள் ஒரு பெக்கானை உடைத்து, பருப்பை வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தாள்.

"எமில், நீ பாட்டுக்கு மேல்முறையீடு கீல்முறையீடுன்னு எதையாவது பண்ணித் தொலைச்சிடாத."